மயில்துத்தமும் சுண்ணாம்பும்: ஆப்பிள் சொறிநோய் சொல்லித் தந்த வேதியியல்

(மூன்றாமாண்டு, வேதிப் பொறியியல் பிரிவு)



தைப்பூசத்தன்று எங்கள் குன்றக்குடி மலையடிவாரத்தில் தள்ளுவண்டிக்காரர் ஒருவரிடம் ஆப்பிள் வாங்கினேன். ஒரு பழத்தின் தோலில் கறுப்பாகச் சொரசொரவென்று நாலைந்து வடு. அதில் ஒன்று வெடித்தும் இருந்தது. "என்ன அண்ணே, அழுகலைத் தள்ளிவிடுறீங்களே?" என்றேன். "அழுகல் இல்லை தம்பி, மேல்தோல்தான் அப்படி. சீவிட்டுச் சாப்பிடுங்க, உள்ளே சர்க்கரை!" என்றார் அவர். வியாபாரப் பேச்சு என்று நினைத்தேன். வீட்டில் சீவிப் பார்த்தால் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு நிஜம். உள்ளே வெள்ளை வெளேரென்று சதை.

அந்த வடுவுக்குப் பெயர் சொறிநோய். 'வென்டூரியா இன்ஈக்குவாலிஸ்' என்ற பூசணம் செய்கிற வேலை. உலகத்தில் ஆப்பிள் விளைகிற இடத்திலெல்லாம் விவசாயியைத் தூங்கவிடாத நோய் இது. பழம் சாப்பிடக் கெடுதல் இல்லை. ஆனால் தோலில் வடு விழுந்த பழத்துக்கு மண்டியில் விலை இல்லை.

ஆப்பிளே விளையாத செம்மண் சீமையில் இருந்துகொண்டு இவன் ஏன் ஆப்பிள் நோயைப் பற்றி எழுதுகிறான் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. இந்த வகை நோய்களுக்கு உலகம் கண்டுபிடித்த முதல் நல்ல மருந்தில் இரண்டே சரக்குகள்தான்: மயில்துத்தம், சுண்ணாம்பு. அந்த இரண்டையும் தப்பாகக் கலந்து என் சித்தப்பா ஒரு எலுமிச்சைத் தோப்பின் ஒரு பருவத்து மகசூலையே இழந்தார். எங்கே தப்பு நடந்தது என்று தேடிப் போனபோதுதான் நான் ஆப்பிள் தோட்டத்தில் போய் நின்றேன்.

முதலில் நோயைப் பார்ப்போம். இந்தப் பூசணம் குளிர்காலம் முழுவதும் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் இலைகளில் ஒளிந்திருக்கும். வசந்தத்தில் மரம் துளிர்விடும்போது மழை பெய்தால் அந்தச் சருகிலிருந்து வித்துக்கள் காற்றில் எகிறிப் புது இலையில் போய் ஒட்டும். ஒட்டினால் மட்டும் போதாது, இலை ஈரமாகவே இருக்க வேண்டும். எவ்வளவு நேரம்? அமெரிக்காவில் மில்ஸ் என்பவர் 1944-ல் இதற்கு ஓர் அட்டவணையே போட்டார். 18 முதல் 24 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுமார் 9 மணி நேரம் இலை நனைந்திருந்தால் தொற்று தொடங்கிவிடும். குளிர் கூடக்கூட நேரமும் கூடும். பிற்கால ஆய்வுகள் 6 மணி நேரமே போதும் என்கின்றன. ஆக, ராத்திரி முழுவதும் தூறல், காலையில் மூட்டம் என்றால் தோட்டக்காரர் வயிற்றில் புளியைக் கரைக்கும்.

நம் நாட்டில் இது விளையாடிய விளையாட்டைக் கேளுங்கள். காஷ்மீரத்தில் 1973-ல் கொள்ளை நோயாகவே பரவியது. இமாசலப் பிரதேசத்தில் 1977-ல் தலைகாட்டி, 1983-ல் தோட்டம் தோட்டமாகப் பாய்ந்தது. அந்த வருடம் சொறி பிடித்த பழங்களை மாநில அரசே விலை கொடுத்து வாங்கி அழிக்க வேண்டி வந்தது! சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் கோட்கரில் நட்டுப் பரப்பிய 'டெலிசியஸ்' வகைதான் அங்கே பெரும்பாலும். சிவப்பு, இனிப்பு எல்லாம் உண்டு; சொறிநோயைத் தாங்கும் சக்தி மட்டும் இல்லை.

இனி மருந்து. அது கிடைத்த கதை சினிமாக் கதை மாதிரி இருக்கும்.

பிரான்சு தேசத்து போர்டோ பகுதியில் திராட்சைக்கு அடிச்சாம்பல் நோய் வந்து கொடிகள் மொட்டையாகிக் கொண்டிருந்த காலம். 1882 அக்டோபரில் மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர் சாங் ஜூலியன் என்ற ஊர்ப் பக்கம் நடந்து போகிறார். தோட்டமெல்லாம் இலை உதிர்ந்து கிடக்க, சாலையோரத்து வரிசைகள் மட்டும் பச்சையாக நிற்கின்றன. இலைமேல் நீலநிறப் பூச்சு. விசாரித்தால், வழிப்போக்கர்கள் திராட்சையைப் பறித்துத் தின்காமல் இருக்க, விஷம் அடித்த மாதிரி தெரியட்டும் என்று துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து தெளித்தார்களாம். திருடனுக்கு வைத்த பயம் பூசணத்தை விரட்டியிருக்கிறது! மில்லார்டே அதோடு விடவில்லை. கேயோன் என்ற வேதியியல் பேராசிரியரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு சோதனை செய்து 1885-ல் முறையை வெளியிட்டார். அதுதான் 'போர்டோ கலவை'.

இந்த இடத்தில் நம் பக்கத்துக் கதை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1869-ல் இலங்கையில் காபிச் செடிக்கு இலைத்துரு நோய் வந்தது. நம் இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளிலிருந்து 'கண்டிச் சீமை'க்குப் போய் வேலை பார்த்தவர்கள் எத்தனை பேர்! அவர்கள் பிழைப்பெல்லாம் அந்தச் செடியில்தான் இருந்தது. 1880-ல் மார்ஷல் வார்டு என்ற இளைஞரை ஆராய்ச்சிக்கு அனுப்பினார்கள். அவர் கண்ணாடிச் சில்லுகளைக் காற்றில் தொங்கவிட்டு வித்துக்களைப் பிடித்து எண்ணினார். சுண்ணாம்பும் கந்தகமும் தூவிப் பார்த்தார். வித்து முளைப்பதற்கு முன்பே இலைமேல் மருந்து இருக்க வேண்டும், முளைத்து உள்ளே போன பிறகு தெளித்துப் பிரயோசனமில்லை என்று சரியாகவே கண்டு சொன்னார். ஆனால் 1882-ல் அவர் ஊருக்குக் கப்பலேறிவிட்டார். அதே வருடத்தில்தான் மில்லார்டே அந்தச் சாலையோரம் நடந்தார். துத்தம் மூன்று வருடம் முந்திக் கிடைத்திருந்தால் இலங்கையில் காபி பிழைத்திருக்குமோ என்னவோ. காபி போய் அங்கே தேயிலை வந்தது. இன்று பழனிமலைத் தாண்டிக்குடிப் பக்கம் காபித் தோட்டக்காரர்கள் இதே இலைத்துருவுக்கு அரை சதவீத போர்டோ கலவையைத்தான் தெளிக்கிறார்கள்.

பாக்குக்கு வரும் காய் அழுகல் நோயை மைசூர் சமஸ்தானத்தில் 1910 வாக்கில் லெஸ்லி கோல்மன் இதே கலவையை வைத்துத்தான் அடக்கிக் காட்டினார். வெற்றிலைக் கொடிக்கால்காரர்களுக்கும் இது பழைய நண்பன். வெற்றிலைக்கும் பாக்குக்கும் சுண்ணாம்பு சேர்வது வாயில் மட்டுமில்லை பாருங்கள்!

கலவை கலக்கும் கணக்கு

ஒரு சதவீதக் கலவைக்கு அளவு சுலபம். மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். துத்தத்தைப் பொடித்து 50 லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நீர் விட்டு நீற்றி, ஆறவைத்து, மீதி 50 லிட்டரில் பாலாகக் கரைத்துத் துணியில் வடிகட்ட வேண்டும். பிறகு துத்த நீரைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றிக் கொண்டே கலக்க வேண்டும். மாற்றி ஊற்றினால் கட்டி தட்டிச் சீக்கிரம் அடியில் இறங்கிவிடும். இரண்டையும் ஒரே நேரத்தில் மூன்றாவது பாத்திரத்தில் ஊற்றுவதும் நல்ல முறைதான். பாத்திரம் மண், மரம், பிளாஸ்டிக் என எதுவாகவும் இருக்கலாம். இரும்பும் தகரமும் கூடாது.

நடக்கிற வினை நமக்கு முதலாம் ஆண்டிலேயே தெரிந்ததுதான். காப்பர் சல்பேட்டும் கால்சியம் ஹைடிராக்சைடும் சேர்ந்து காப்பர் ஹைடிராக்சைடும் கால்சியம் சல்பேட்டும் ஆகின்றன. (உண்மையில் நீலக்கூழ் இதைவிடச் சிக்கலான சேர்மம். நம் கணக்குக்கு இது போதும்.) அந்தக் கூழ் இலைமேல் படலமாக ஒட்டிக் காய்ந்து, ஈரம் பட்டால் துளித்துளியாகச் செம்பு அயனியை விடும். முளைக்க வருகிற வித்து அதை உறிஞ்சிச் செத்துப் போகும். துத்தத்தை மட்டும் தெளித்தால் என்ன? செம்பு முழுவதும் ஒரே நேரத்தில் கரைசலாக இருந்து, பூசணத்தோடு இலையையும் சேர்த்துச் சுட்டுவிடும். பூட்டி வைத்து அளந்து கொடுக்கிற வேலையைச் சுண்ணாம்பு செய்கிறது.

இப்போது ஒரு கேள்வி. துத்தத்தின் மூலக்கூறு எடை 249.7. சுட்ட சுண்ணாம்பினுடையது 56. ஒன்றுக்கு ஒன்று வினைபுரிந்தால் 1 கிலோ துத்தத்துக்குச் சுத்தமான சுட்ட சுண்ணாம்பு வெறும் 225 கிராம் போதும். பிறகு எதற்கு 1 கிலோ போடச் சொல்கிறார்கள்? கடைச் சுண்ணாம்பு சுத்தமில்லை, கூடுதல் சுண்ணாம்பு இலைக்குப் பாதுகாப்பு என்பதால்தான். அதாவது நாலு மடங்கு உபரி வைத்துச் சொன்ன அளவு அது.

அந்த உபரி இருந்தும் சித்தப்பாவுக்கு ஏன் தப்பிப் போனது?

அவர் குத்தகைக்கு எடுத்திருந்த தோப்பில் எலுமிச்சைக்குச் சொறி விழுந்தது. (ஆப்பிள் சொறி வேறு, இது வேறு. எலுமிச்சைச் சொறிக்குக் காரணம் பாக்டீரியா. ஆனால் செம்பு இரண்டையும் கட்டுப்படுத்தும்.) யாரோ சொன்னார்கள் என்று கடையில் துத்தம் ஒரு கிலோ வாங்கினார். சுண்ணாம்புக்கு எதற்குக் காசு, வீட்டுக்கு வெள்ளையடித்து மிஞ்சியது பரணில் கிடக்கிறதே என்று அந்தச் சாக்கை இறக்கினார். வாய் திறந்தபடி இரண்டு வருடமாகக் கிடந்த சாக்கு! அளவெல்லாம் சுத்தம். இரண்டு பிளாஸ்டிக் வாளியில் தனித்தனியாகக் கரைத்து, பழைய இரும்பு டிரம்மில் ஊற்றிக் கலக்கித் தெளித்தார். நாலாம் நாள் தளிர் நுனியெல்லாம் கருகியது. ஒரு வாரத்தில் பிஞ்சு கொட்டத் தொடங்கியது. கோடையில் எலுமிச்சைக்கு என்ன விலை விற்கும் என்று உங்களுக்கே தெரியும். குத்தகைப் பணத்தைக் கட்ட அவர் சித்தியின் வளையலைக் கொண்டு போனார்.

அப்போது நான் இரண்டாம் ஆண்டு. "நீ கெமிக்கல்தானேடா படிக்கிறே, மருந்து ஏன் வெந்து போச்சுன்னு சொல்லு பார்ப்போம்" என்றார். கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. "கடைத் துத்தம் கலப்படமா இருக்கும் சித்தப்பா" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அப்படியும் தெரியலையே. டிரம்மைக் கழுவையிலே உள்ளே பூராவும் செம்பு பூசின மாதிரி செக்கச்செவேல்னு இருந்துச்சு. சரக்கு நல்ல சரக்குதான்."

தோழர்களே, விடை அந்த வாக்கியத்திலேயே இருந்தது. எனக்குத்தான் அப்போது உறைக்கவில்லை!

சுண்ணாம்பு திறந்து கிடந்தால் காற்றில் உள்ள ஈரத்தையும் கரியமில வாயுவையும் வாங்கி வெறும் கால்சியம் கார்பனேட்டாக, அதாவது பழையபடி சுண்ணாம்புக் கல்லாகத் திரும்பிவிடும். பார்வைக்கு அதே வெள்ளைப் பொடி. தராசிலும் ஒரு கிலோ. ஆனால் துத்தத்தை உடனே கட்டிப் போடும் காரம் அதில் இல்லை. 1 கிலோவில் 225 கிராம்கூட உயிரோடு இருந்திருக்காது. மிஞ்சிய செம்பு கரைசலாகவே இருந்து டிரம்மின் இரும்பில் படிந்தது. மீதி எலுமிச்சைத் தளிரில் விழுந்தது. கத்தியையோ ஆணியையோ கலவையில் ஒரு நிமிடம் முக்கி எடுத்து, செந்நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்புப் பால் சேர்க்க வேண்டும் என்று எல்லாப் புத்தகங்களிலும் போட்டிருக்கிறது. சித்தப்பா ஆணிக்குப் பதிலாக ஒரு டிரம்மையே முக்கிச் சோதனை செய்துவிட்டார். சோதனையின் முடிவைப் படிக்கத்தான் அங்கே ஆள் இல்லை. இரும்பு செம்பை இடப்பெயர்ச்சி செய்யும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். அதுவும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் இயங்கி வருகிற காரைக்குடிக்குப் பக்கத்து ஊர்க்காரன்! சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

சுண்ணாம்பு நல்லதா என்று பார்க்க லேபே வேண்டாம். சுட்ட சுண்ணாம்புக் கட்டியில் தண்ணீர் ஊற்றினால் சீறிக் கொதித்துப் பூப்போல விரிய வேண்டும். சும்மா நனைந்து கிடந்தால் அது செத்த சரக்கு. நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு நுரை பொங்கினால் கார்பனேட் ஆகிவிட்டது என்று அர்த்தம். செட்டிநாட்டுக் கொத்தனார்கள் இதை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள். நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீருக்கு அடியிலேயே வைத்துக் காத்து, கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைத்துத்தான் அந்தக் கண்ணாடிச் சுவர்களைப் பூசினார்கள். போர்டோ கலவையை அன்றன்றைக்கே தெளித்துவிட வேண்டும், வைத்திருந்தால் கூழ் படிகமாகி ஒட்டாமல் போகும். கட்டாயம் ஒரு நாள் வைத்தாக வேண்டுமென்றால் 100 லிட்டருக்கு 100 கிராம் வெல்லம் சேர்க்கச் சொல்கிறார்கள். அங்கேயும் வெல்லம், இங்கேயும் வெல்லம்!

ஆப்பிளுக்கு எப்போது, எவ்வளவு

ஆப்பிள் மரத்துக்குச் செம்பை எப்போது வேண்டுமானாலும் அடித்துவிட முடியாது. மொட்டு வெடித்துப் பச்சை நுனி தெரிகிற வரைதான். பூத்த பிறகு அடித்தால் பிஞ்சின் தோல் பழுப்பாகச் சொரசொரத்துப் போகும்; நோய் செய்கிற நஷ்டத்தை மருந்தே செய்துவிடும். பிறகு கந்தகத்தின் முறை. நனையும் கந்தகத்தூளோ, கந்தகத்தைச் சுண்ணாம்போடு கொதிக்க வைத்த செந்நிற நீரோ தெளிப்பார்கள். அழுகின முட்டை வாடை அடிக்கும் இந்தச் சுண்ணாம்புக் கந்தகம் 1850-களிலேயே பிரான்சில் புழக்கத்துக்கு வந்தது. தொற்று தொடங்கி ஒன்றிரண்டு நாளுக்குள் அடித்தாலும் இது பலன் தரும். ஆனால் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் கந்தகம் இலையைச் சுடும். மலைத் தோட்டத்துக்குச் சரி, நம் ஊர்ச் சித்திரை வெயிலில் கைவைக்கக் கூடாது. இலையுதிர் காலத்தில் 5 சதவீத யூரியாக் கரைசலைச் சருகின் மேல் அடித்து அதைச் சீக்கிரம் மக்க வைப்பதும் உண்டு. ஒளிய இடமில்லாமல் செய்வதுதான் உத்தி.

கவாத்து வெட்டுகளுக்குப் பசை பூசுவார்கள். 10 லிட்டர் தண்ணீருக்குத் துத்தமும் சுண்ணாம்பும் ஒவ்வொரு கிலோ. இமயமலை அடிவாரத்து அல்மோரா மாவட்டத்தில் உள்ள சௌபட்டியா பழ ஆராய்ச்சி நிலையத்தில் 1942-ல் உருவான 'சௌபட்டியா பசை'யில் காப்பர் கார்பனேட் 800 கிராம், ஈயச் செந்தூரம் 800 கிராம், ஆளிவிதை எண்ணெய் 1 லிட்டர். மழைக்குக் கரையாது. ஈயம் இருக்கிறதே என்று இன்று நாம் தயங்குவோம், தயங்கத்தான் வேண்டும்.

இன்று இமாசலத்தில் பெரும்பாலும் செயற்கைப் பூசணக்கொல்லிகள்தான். அவற்றில் சிலவற்றுக்கு இந்தப் பூசணம் பழகி எதிர்ப்புச் சக்தி பெற்றுவிட்டது. செம்புக்கும் கந்தகத்துக்கும் நூறு வருடத்துக்கு மேலாகியும் பழகவில்லை. அவை செல்லின் பல இடங்களை ஒரே நேரத்தில் தாக்குவதால் தப்ப வழியில்லை.

அதற்காகக் 'கனிமம்தானே, இயற்கைதானே' என்று அள்ளிக் கொட்டலாமா? கூடாது. செம்பு மண்ணில் மக்காது, சேர்ந்துகொண்டே போகும், மண்புழுவைப் பாதிக்கும். பல தலைமுறை தெளித்த ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களில் இதுவே பெரிய தலைவலி. ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் ஏழு ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ செம்பு என்று வரம்பு கட்டியது, அதாவது சராசரி வருடத்துக்கு 4 கிலோ. துத்தத்தில் செம்பு கால் பங்குதான் (25.4 சதவீதம்). ஆகவே 4 கிலோ செம்பு என்றால் ஏறக்குறைய 15.7 கிலோ துத்தம்; ஒரு சதவீதக் கலவையில் சுமார் 1,570 லிட்டர். நாலைந்து தெளிப்பில் தீர்ந்துபோகும் அளவு. இன்னொன்று: மருந்தடித்த வாளியையும் தெளிப்பானையும் தயவுசெய்து ஊருணியில் கழுவாதீர்கள். மீனுக்குத் துத்தம் கடும் விஷம்.

போன ஐப்பசியில் மழைக்கு முன்னால் சித்தப்பா மறுபடி தெளித்தார். இந்தத் தடவை புதுச் சுண்ணாம்புக் கட்டி, பிளாஸ்டிக் டிரம். நான் லிட்மஸ் தாளோடும் ஒரு ஆணியோடும் போயிருந்தேன். சிவப்புத் தாள் மெல்ல நீலமானது. ஆணியை முக்கி ஒரு நிமிடம் வைத்து எடுத்துக் காட்டினேன். போட்டபடியே வெள்ளையாக இருந்தது. சித்தப்பா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இருக்கட்டும், அடுத்த தடவை நீ வரலைன்னா வேணும்."

பிறகு தெளிப்பானைத் தோளில் மாட்டினார். மலைப்பக்கம் மேகம் கறுத்திருந்தது. கலவை காய்வதற்குள் மழை வந்துவிடக் கூடாதே என்று இருவரும் வேகமாக நடந்தோம்.